சீருடைக்குப் பின் கல்லூரி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் படைகளில் பணியாற்றிவிட்டுக் கல்லூரிக்குள் நுழைவோரும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றில் பலருக்கும் உதவக்கூடிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உதவித்தொகை அளவுகள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாறும். கையெழுத்துப் போடுமுன் அந்த ஆண்டின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகன் நான்கு ஆண்டு தரைப்படைப் பணி முடித்து மே மாதம் வெளியே வருகிறான். ஆகஸ்டில் கல்லூரியில் சேர வேண்டுமாம். 'படைவீரருக்கான அரசின் கல்வி உதவித் திட்டமான ஜி.ஐ. பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்கிறான். நம்பலாமா? எங்கே தொடங்க வேண்டும்? பணம் வரத் தாமதமானால் கல்லூரி அபராதம் போடலாமா?
– ஒரு தாய், சான் ஆன்டோனியோ

பெரும்பாலும் நம்பலாம் அம்மா. ஆனால் எதுவும் தானாக நடந்துவிடாது.

முழுநேரப் பணியில் 36 மாதங்கள் இருந்தவருக்கு 'போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில்' நூறு சதவீதம் கிடைக்கும். 30 மாதம் என்றால் 90 சதவீதம், 24 மாதம் என்றால் 80 சதவீதம் என்று அது இறங்கிக்கொண்டே போகும். உங்கள் மகனுக்கு முழு அளவு உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த மாநிலத்தவருக்குரிய கட்டணம் முழுவதையும் வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் நலத்துறை நேரே கல்லூரிக்குக் கட்டிவிடும். தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டு உச்சவரம்பு இருக்கிறது; 2024-25 கல்வியாண்டில் அது சுமார் 28,937 டாலர். அதற்கு மேல் போகும் தொகையைக் கல்லூரியும் வி.ஏ.வும் பங்கிட்டுக்கொள்ளும் திட்டத்துக்கு 'எல்லோ ரிப்பன்' என்று பெயர். எல்லாத் தனியார் கல்லூரிகளும் இதில் இல்லை. சில கல்லூரிகள் ஆண்டுக்கு இத்தனை பேருக்குத்தான் என்று எண்ணிக்கை வைத்திருக்கின்றன. ஆகவே சேருமுன் 'இடம் இருக்கிறதா' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டணம் தவிரப் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரையும், மாதாமாதம் வீட்டு வாடகைப் படியும் உண்டு. மொத்தம் 36 மாதங்கள். ஆண்டுக்கு ஒன்பது மாதம் வகுப்பு என்று வைத்தால் நான்கு ஆண்டுப் பட்டத்துக்குச் சரியாகப் போதும். பாதியில் பாடத்துறை மாறினால் போதாது.

முதலில் பார்க்க வேண்டியது விடுவிப்புச் சான்றான டிடி-214. அதன் 'மெம்பர்-4' பிரதியில்தான் எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்பது இருக்கும். சுருக்கப் பிரதியில் அது இருக்காது. 'ஹானரபிள்' என்று இருந்தால்தான் ஜி.ஐ. பில் கிடைக்கும். 'ஜெனரல்' என்று இருப்பவருக்கு மருத்துவம் போன்ற வேறு சலுகைகள் கிடைக்கலாம், இது கிடைக்காது. அடுத்து, வி.ஏ. இணையதளத்தில் 22-1990 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். சில வாரங்களில் தகுதிச் சான்று வரும். அதில் எத்தனை சதவீதம், எத்தனை மாதம் என்று இருக்கும்.

அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு கல்லூரியின் சான்றளிப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். 'ஸ்கூல் சர்ட்டிஃபையிங் அஃபிஷியல்' என்பது அவர் பதவிப் பெயர். பெரும்பாலும் பதிவாளர் அலுவலகத்திலோ முன்னாள் படைவீரர் மையத்திலோ உட்கார்ந்திருப்பார். 'இந்த மாணவர் இத்தனை கிரெடிட் (பாட அலகு) எடுத்திருக்கிறார்' என்று அவர் வி.ஏ.வுக்குத் தெரிவித்த பிறகுதான் ஒரு டாலராவது நகரும். ஒரு முறை சொன்னால் நான்கு ஆண்டுக்கும் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு பருவமும் பாடங்களைப் பதிவு செய்தவுடன், கல்லூரி வைத்திருக்கும் படிவத்தில் 'இந்தப் பருவத்துக்கும் சான்றளியுங்கள்' என்று கேட்க வேண்டும். பட்டத்துக்குத் தேவையான பாடங்களை மட்டுமே அவரால் சான்றளிக்க முடியும். ஆசைக்கு எடுத்த கிதார் வகுப்பும், ஏற்கெனவே தேறிய பாடத்தைக் கூடுதல் மதிப்பெண்ணுக்காக மறுபடி எடுப்பதும் கணக்கில் வராது.

வி.ஏ. பணம் தாமதமாக வந்தால் கல்லூரி அபராதம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடக் கூடாது. 2018-இல் வந்த சட்டப்படி, தகுதிச் சான்றைக் கொடுத்துவிட்ட மாணவரை, கல்லூரி கட்டணத்துக்கு வி.ஏ.வுக்குச் சான்றளித்த நாளிலிருந்து 90 நாள் வரை, வகுப்பிலிருந்தோ நூலகத்திலிருந்தோ விலக்கவும் தாமதக் கட்டணம் வாங்கவும் முடியாது.

எனக்கு நூறு சதவீதத் தகுதி. ஆனால் செப்டம்பர் தொடக்கத்தில் வந்த வாடகைப் படி ஒரு வாரச் செலவுக்குத்தான் காணும். என் நண்பனுக்கு வருவதில் பாதிகூட எனக்கு வருவதில்லை. எங்கே பிசகியது?
– மாணவர், நியூ ஜெர்சி

இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இங்கே கலந்திருக்கின்றன.

முதலாவது, இந்தப் படி முடிந்த மாதத்துக்குத்தான் வரும்; அதுவும் வகுப்பு நடந்த நாட்களுக்கு மட்டும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வகுப்பு தொடங்கினால், செப்டம்பர் தொடக்கத்தில் அந்த ஒரு வாரப் பணம்தான் கிடைக்கும். முழு மாதத் தொகை அக்டோபரில்தான் வரும். டிசம்பர் 12-இல் பருவம் முடிந்தால் ஜனவரியில் 12 நாள் பணம். ஜனவரி நடுவில் அடுத்த பருவம் தொடங்கினால் பிப்ரவரியில் அரை மாதப் பணம். விடுமுறை இடைவெளிக்கு எதுவும் கிடையாது. ஆகவே படையிலிருந்து வெளியே வரும்போதே முன்பணமும் இரண்டு மாத வாடகையும் கையில் வைத்திருப்பது அவசியம். பிப்ரவரியில் வாடகை கட்ட முடியாமல் படிப்பை விடுகிறவர்களைக் காப்பாற்றுவது இந்த ஒரு முன்னேற்பாடுதான்.

இரண்டாவது, நீங்கள் எடுத்திருக்கும் பாடங்கள் அனைத்தும் இணையவழிப் பாடங்களா என்று பாருங்கள். நேரில் போகும் மாணவருக்கு, அவர் அதிகம் வகுப்புக்குப் போகும் வளாகத்தின் ஜிப் கோடை வைத்து, குடும்பமுள்ள இ-5 தரச் சிப்பாய்க்குத் தரப்படும் வீட்டுப் படியின் அளவில் கிடைக்கும். எல்லாம் இணையவழி என்றால் நாடு முழுவதற்குமான சராசரியின் பாதி மட்டுமே. அண்மை ஆண்டுகளில் அது மாதம் ஆயிரம் டாலரை ஒட்டியே இருக்கிறது. நியூ ஜெர்சி மாதிரி வாடகை எகிறிய இடத்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. பட்டத்துக்குத் தேவையான ஒரே ஒரு பாடத்தை நேரடி வகுப்பாக எடுத்தாலும் வளாக அளவு கிடைத்துவிடும். மற்றவை இணையத்தில் இருக்கலாம்.

கிரெடிட் எண்ணிக்கையும் முக்கியம். முழுநேரம் 12 கிரெடிட் என்னும் கல்லூரியில் 6 எடுத்தால் அது சரிபாதி; வாடகைப் படி கிடையாது. 7 எடுத்தால் 58 சதவீதம். அதை 60 ஆக்கி, படியில் 60 சதவீதம் தருவார்கள். ஒரு கிரெடிட் குறைந்ததால் மாதப் படி முழுவதையும் இழந்தவர்கள் உண்டு.

இன்னொன்று: ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 'இன்னும் படிக்கிறேன்' என்று வி.ஏ.வுக்கு உறுதிசொல்ல வேண்டும். கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். 'எஸ்' என்று அனுப்பினால் போதும். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் படி நின்றுவிடும். கைபேசி எண் மாறினால் முதலில் வி.ஏ.வுக்குச் சொல்லுங்கள்.

கால்குலஸ் வகுப்பைப் பாதியில் விட்டேன். இப்போது வி.ஏ.விடமிருந்து கடன் கடிதம், கல்லூரியிடமிருந்து தனியாக ஒரு பில். விட்டது ஒரு பாடம்தானே?
– மாணவர், அட்லாண்டா

பாடத்தை விட்டதும் உங்கள் கிரெடிட் குறைந்தது. அலுவலர் அதை வி.ஏ.வுக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதியில் விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' போட்ட பாடத்துக்கு, ஏற்கத்தக்க காரணம் இல்லையென்றால், விட்ட நாளிலிருந்து அல்ல, பருவத்தின் முதல் நாளிலிருந்தே பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். வாடகைப் படியும் புத்தகத் தொகையும் உங்கள் பேரில் கடன். கல்விக் கட்டணத்தை வி.ஏ. கல்லூரியிடம் கேட்கிறது, கல்லூரி அதை உங்களிடம் வசூலிக்கிறது. அதனால்தான் இரண்டு கடிதங்கள்.

கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். 30 நாளுக்குள் எழுத்துமூலம் மறுப்பு தெரிவித்தால் பிடித்தம் தொடங்குமுன் பரிசீலிப்பார்கள். உங்களுக்கோ வீட்டிலோ நோய், குடும்பத்தில் மரணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எதிர்பாராமல் நின்றது, வேலை நேரம் மாற்றப்பட்டது, மறுபடி பணிக்கு அழைப்பு ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். ஆசிரியர் பிடிக்கவில்லை, மதிப்பெண் குறையும் என்று பயந்தேன் என்பவை செல்லாது. காரணத்தோடு ஆவணமும் வேண்டும்: மருத்துவர் கடிதம், முதலாளி கடிதம், எது பொருந்துமோ அது.

காரணமே இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. வாழ்நாளில் ஒரு முறை, முதல் தடவை விடும்போது, 6 கிரெடிட் வரை காரணம் கேட்காமல் ஏற்பார்கள். அப்போது விட்ட நாள் வரைக்குமான பணம் உங்களுக்கே. அது உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டதா என்று அலுவலரைக் கேளுங்கள். இது ஒரு முறைதான் என்பதால், ஒரு கிரெடிட் ஆய்வகத்தை விட்டதற்காக முழுச் சலுகையும் தீர்ந்துபோகும் என்பதை முதலாண்டு மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். தவணை கேட்கலாம். பிழைக்க வழியில்லை என்றால் கடனைத் தள்ளும்படி ஓராண்டுக்குள் மனுப் போடலாம்.

கடைசி வரை வகுப்புக்குப் போய், தேர்வெழுதி, 'எஃப்' வாங்கியவருக்குக் கடன் வராது. அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தாலும் வி.ஏ. கட்டும். மதிப்பெண் சராசரி பாதிக்கப்படும் என்பது வேறு. எது குறைந்த நட்டம் என்பதைப் பாடத்தை விடுமுன் சான்றளிப்பு அலுவலரோடும் பாட ஆலோசகரோடும் உட்கார்ந்து பாருங்கள். விட்ட பிறகு அந்த அலுவலரால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

படையில் எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பு ஆறு ஆண்டு செய்தேன். கல்லூரி 30 கிரெடிட் கொடுத்தது. ஆனால் பொறியியல் துறை ஒன்றைக்கூட ஏற்கவில்லை.
– மாணவர், வர்ஜீனியா

'கிரெடிட் கொடுப்பது' வேறு, 'பட்டத்துக்கு ஏற்பது' வேறு. தரைப்படை, கடற்படை, மரீன், கடலோரக் காவல் படையினருக்கு 'ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்' என்ற ஆவணம் உண்டு. விமானப்படையினர் தம் சமுதாயக் கல்லூரியான சி.சி.ஏ.எஃப்.பிடம் கேட்க வேண்டும். அதில் இருப்பவை அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் அமைப்பின் பரிந்துரைகள் மட்டுமே, முடிவு கல்லூரியுடையது. பதிவாளர் அலுவலகம் அந்த 30-ஐயும் விருப்பப் பாடங்களின் கீழ் போட்டிருக்கும். பொறியியல் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடமே குறைவு.

ஒவ்வொரு பயிற்சிக்கும் பாடத்திட்டம், மணி நேரம், செய்முறை விவரம் ஆகியவற்றைத் திரட்டி, அதற்கு நேரான ஒரு பாடத்தைக் கல்லூரி கையேட்டில் நீங்களே தேடிக் குறியுங்கள். 'மின்சுற்று அறிமுக ஆய்வகத்துக்கு ஈடாக இதை ஏற்க வேண்டும்' என்று துறைத்தலைவரிடம் மனுக் கொடுங்கள். மொத்தமாக 30 கேட்டால் மறுப்பார்கள். ஒன்று இரண்டாகக் கேட்டால் பார்ப்பார்கள். மறுத்தால் அந்தப் பாடத்துக்குத் திறனறித் தேர்வு உண்டா என்று கேளுங்கள். கணிதமும் இயற்பியலும் பெரும்பாலும் படித்தே தீர வேண்டியவை. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் அவற்றை முதலிலிருந்து படிப்பது நட்டமல்ல.

நான் 2015-இல் ஓய்வு பெற்றேன். மிச்சமிருக்கும் ஜி.ஐ. பில்லை மகளுக்கு மாற்ற முடியுமா?
– ஒரு தந்தை, டல்லாஸ்

முடியாது ஐயா. குறைந்தது ஆறு ஆண்டு பணி முடித்து, இன்னும் நான்கு ஆண்டுக்கு ஒப்புக்கொண்டு, பணியில் இருக்கும்போதே மாற்றியிருக்க வேண்டும். ஆனால் டெக்சாஸில் 'ஹேஸல்வுட்' சட்டம் இருக்கிறது. படையில் சேரும்போது நீங்கள் டெக்சாஸ்காரராக இருந்திருந்தாலோ அங்கே சேர்ந்திருந்தாலோ, அதோடு பயிற்சிக் காலம் நீக்கி 181 நாளாவது பணியும் செய்திருந்தால், மாநில அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் வரை கல்விக் கட்டண விலக்கு உண்டு. பயன்படுத்தாத கிரெடிட்களைப் பருவத்தின் முதல் நாளில் 25 வயதோ அதற்குக் கீழோ உள்ள பிள்ளைக்குக் கொடுக்கலாம். வாடகையும் புத்தகமும் இதில் வராது. இடமும் பணிக்காலமும் ஆகிய இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும்.

எனக்கு 30 சதவீத ஊனமுற்ற மதிப்பீடு. 'அத்தியாயம் 31' நல்லது என்று ஒருவர் சொல்கிறார், ஜி.ஐ. பில் சுலபம் என்று இன்னொருவர் சொல்கிறார்.
– மாணவி, சியாட்டில்

இருவரும் சொல்வது சரி. முக்கியம் எதை முதலில் எடுக்கிறீர்கள் என்பது.

அத்தியாயம் 31 என்பது பணிக்காயம் காரணமாக வேலை பார்ப்பதில் தடை உள்ளவருக்கான மறுவாழ்வுத் திட்டம். 20 சதவீத மதிப்பீடும் வேலைத் தடையும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தடை கடுமையானது என்றால் 10 சதவீதமும் போதும். 28-1900 படிவம் போட்டதும் வி.ஏ. ஆலோசகர் ஒருவர் கூப்பிடுவார். அவர் ஏற்றுக்கொண்டால் கட்டணம், புத்தகம், தேவைப்படும் கணினி, கருவிகள் எல்லாம் திட்டமே வாங்கித் தரும். ஜி.ஐ. பில் தகுதியும் இருப்பவர் வாடகைப் படியையும் அந்த அளவிலேயே கேட்டு வாங்கலாம். குறை என்னவென்றால், எந்தப் படிப்பு, எந்த வேலைக்காக என்பதை ஆலோசகர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

31-ஐ முதலில் பயன்படுத்தினால் ஜி.ஐ. பில்லின் 36 மாதமும் அப்படியே இருக்கும்; பின்னால் முதுகலைக்கு உதவும். ஜி.ஐ. பில்லை முதலில் கரைத்துவிட்டுப் பிறகு 31-க்கு வந்தால், கரைந்த மாதங்களை மொத்த வரம்பான 48 மாதத்திலிருந்து கழித்து மிச்சம்தான் தருவார்கள். 2021-இலிருந்து வி.ஏ. இப்படித்தான் கணக்கிடுகிறது. ஆகவே வகுப்பு தொடங்க ஆறு மாதம் முன்பே 31-க்கு விண்ணப்பியுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது 'படிக்க ஆசை' என்று மட்டும் சொல்லாதீர்கள். பணிக்காயத்தால் முன்பு செய்த வேலையை ஏன் தொடர முடியவில்லை, கேட்கும் படிப்பு எந்த வேலைக்கு இட்டுச்செல்லும், அந்த வேலைக்கு உங்கள் ஊரில் ஆள் தேவை இருக்கிறதா, இந்த மூன்றுக்கும் தாளோடு போங்கள்.

மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. வேலை தேடும் பிரிவுக்கு எப்போது போவது? ரெஸ்யூமேயில் படை அனுபவத்தை எப்படி எழுதுவது?
– மாணவர், வட கரோலினா

முதல் பருவத்திலேயே போயிருக்க வேண்டும், இன்றே போங்கள். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான இன்டர்ன்களைச் செப்டம்பர், அக்டோபரிலேயே தேர்ந்தெடுத்துவிடுகின்றன. வசந்தகாலத்தில் போகிறவருக்கு மிச்சம்தான்.

படையில் 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்', அதாவது ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி, வைத்திருந்தவர்கள் இதைக் கவனியுங்கள். பணியிலிருந்து விலகி 24 மாதத்துக்குள் அது தேவைப்படும் வேலையில் சேர்ந்தால் பழையதை மீட்டெடுப்பது எளிது. தாண்டிவிட்டால் விசாரணையை முதலிலிருந்து தொடங்குவார்கள். பட்டப்படிப்போ நான்கு ஆண்டு. முழுநேரமாகப் படித்து முடித்துவிட்டுத் தேடுபவர் கையில் இருந்த பெரிய பலத்தை இழந்திருப்பார். பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்களில் முதல் இரண்டு ஆண்டுக்குள் பகுதிநேரமோ இன்டர்ன்ஷிப்போ பிடிப்பது அதற்காகத்தான்.

ரெஸ்யூமேயில் படைப் பெயர்களை அப்படியே போட்டால் வேலைக்கு எடுப்பவருக்குப் புரியாது. 'ஸ்குவாட் லீடர்' என்பதைவிட '9 பேர் குழுவுக்குப் பயிற்சியும் பணிப் பங்கீடும் மதிப்பீடும் செய்தேன்' என்பது பேசும். 'சப்ளை சார்ஜென்ட்' என்றால், எத்தனை டாலர் மதிப்புள்ள பொருளுக்குப் பொறுப்பு, எத்தனை தணிக்கையில் குறையில்லாமல் தேறியது என்று எழுதுங்கள். இந்த எண்கள் உங்கள் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளில் இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'மை நெக்ஸ்ட் மூவ் ஃபார் வெட்டரன்ஸ்' தளத்தில் உங்கள் பணிக்குறியீட்டைப் போட்டால் அதற்கு நேரான வெளி வேலைகளைக் காட்டும். நேர்முகத்தில் 'நாங்கள் செய்தோம்' என்றே சொல்லிப் பழகியவர்கள், 'அதில் நான் செய்தது இது' என்று சொல்லிப் பழக வேண்டும். படையிலிருந்து வருவோரிடம் கல்லூரி ஆலோசகர்கள் அதிகம் திருத்துவது இதைத்தான்.

படிக்கும்போதே சம்பாதிக்க, வி.ஏ. 'வொர்க்-ஸ்டடி' உண்டு. முக்கால் நேரமாவது படிப்பவர், கல்லூரியின் படைவீரர் மையத்திலோ வி.ஏ. மருத்துவமனையிலோ வேலை செய்யலாம். கூட்டாட்சி, மாநிலக் குறைந்தபட்சக் கூலிகளில் எது கூடுதலோ அது கிடைக்கும், வரி இல்லை. அரசு வேலையில் முன்னுரிமைப் புள்ளிகள் உண்டு: தகுதிக்கேற்ப 5 அல்லது 10. அதற்கும் டிடி-214 மெம்பர்-4 தான் கேட்பார்கள்.

தமிழ் தெரியும் என்பதால் மாவ்னி திட்டத்தில் சேர்ந்து குடியுரிமை பெற்றேன். இப்போது ரிசர்வ் என்னும் பகுதிநேரப் படையில் இருக்கிறேன். எனக்கும் ஜி.ஐ. பில் உண்டா?
– வாசகர், இல்லினாய்

படைக்குத் தேவையான மொழிகள் தெரிந்த, தற்காலிக விசாவில் இருந்தவர்களைச் சேர்த்த திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிய சேர்க்கை நின்றுவிட்டது. எந்த வழியில் சேர்ந்தீர்கள் என்பது இங்கே பொருட்டல்ல. முழுநேரப் பணி நாட்கள்தான் கணக்கு.

மாதாந்திர வார இறுதிப் பயிற்சி போஸ்ட் 9/11-க்குச் சேராது. மொத்த முழுநேரப் பணி 24 மாதத்துக்குக் குறைவு என்றால் அடிப்படைப் பயிற்சிக் காலமும் சேராது. வெளிநாட்டுக்கோ உள்நாட்டிலோ உத்தரவின் பேரில் அழைக்கப்பட்டு 90 நாளாவது பணியாற்றியிருந்தால் 50 சதவீதத்தில் தொடங்கும். அப்படி அழைக்கப்படவே இல்லையென்றால், ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்ட ரிசர்வ் வீரருக்கான 'அத்தியாயம் 1606' இருக்கிறது. மாதத் தொகை சிறியது. பணம் உங்கள் கைக்கு வரும், கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். ரிசர்விலிருந்து விலகினால் பொதுவாக அதுவும் நின்றுவிடும். ஆகவே படிப்பு முடியும் தேதியையும் ஒப்பந்தம் முடியும் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வகுப்பில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. தேர்வில் மனம் ஒருநிலைப்படுவதில்லை. வெளியே சொன்னால் பின்னால் வேலைக்குப் பாதகமாகுமோ?
– பெயர் வேண்டாம்

ஆகாது. படைவீரர் மையம் ஓர் அலுவலகம், மாற்றுத்திறன் சேவை இன்னோர் அலுவலகம். நீங்கள் போக வேண்டியது இரண்டாவதற்கு. கூடுதல் தேர்வு நேரம், தனி அறை, இருக்கைத் தேர்வு, குறிப்பெடுக்க உதவி ஆகியவற்றைக் கல்லூரி சட்டப்படி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆசிரியருக்குப் போகும் கடிதத்தில் என்ன சலுகை என்று இருக்கும். என்ன நோய் என்று இருக்காது. மதிப்பெண் பட்டியலிலும் எதுவும் ஏறாது. வி.ஏ. மதிப்பீட்டுக் கடிதம் மட்டும் போதாமல் போகலாம். வகுப்பிலும் தேர்விலும் எது எப்படித் தடைப்படுகிறது என்று மருத்துவர் எழுதிய குறிப்பும் கேட்பார்கள். முடிந்த தேர்வுக்குப் பின்தேதியிட்டுச் சலுகை தரமாட்டார்கள் என்பதால் பருவத்தின் முதல் வாரத்திலேயே போங்கள். ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்க வேண்டும்.

போர்ப்பகுதியில் இருந்தவர்களுக்கு 'வெட் சென்டர்'களில் இலவச ஆலோசனை உண்டு. இரவில் தாங்க முடியாமல் போனால் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

ஜி.ஐ. பில் வாங்குபவர் கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா போட வேண்டுமா?
– மாணவி, ஒஹையோ

கட்டாயம் போடுங்கள். முன்னாள் படைவீரர் என்றாலே தனித்து வாழும் மாணவராகக் கொள்வார்கள். பெற்றோர் வருமானம் பார்க்க மாட்டார்கள். ஜி.ஐ. பில் தொகையும் வருமானமாகச் சேராது. ஆகவே பெல் கிராண்ட் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2024-25-இல் அதன் உச்சம் 7,395 டாலர். திருப்பித் தர வேண்டாத பணம் அது. படை வேலையில் இருந்த ஆண்டின் சம்பளம் படிவத்தில் வந்து தகுதியைக் குறைத்தால், 'இப்போது அந்த வருமானம் இல்லை' என்று நிதியுதவி அலுவலகத்திடம் டிடி-214-ஐ இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள்.